வராந்தாவில் ஒரு நிலைவாசல்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த எலும்பு மருத்துவமனையில், ஆண்கள் வார்டை அடுத்த வராந்தாவின் நடுவே ஒரு நிலைவாசல் நின்றது. கதவு கிடையாது. முன்னாலோ பின்னாலோ வீடும் கிடையாது. எங்கோ இடித்த பழைய வீட்டிலிருந்து விலைக்கு வாங்கிய தேக்கு நிலை அது. ஆசாரி ஒருவர் அடியில் கட்டைகள் பொருத்தி, அசையாமல் நிற்கும்படி செய்து கொடுத்திருந்தார். அதன் முன்னால் தேவைக்கேற்ப மரப்படிகளை அடுக்கலாம், எடுக்கலாம். வெளியூரிலிருந்து நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர, அதற்குள் நுழைந்து போக மாட்டார்கள். யாருடையதென்று தெரியாத வீட்டுக்குள் அழைக்காமல் நுழைய நம் ஆட்களுக்குக் கூச்சம்.

சில வாரங்களில் அந்த நிலைக்கு யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். இன்னொரு நோயாளியின் மனைவி அதன் மேற்சட்டத்தில் வேதவசன அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால் வாசலுக்கு நேரே அழகான புள்ளிக்கோலம். நிலையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மஞ்சளு இருக்கட்டும், வசனமும் இருக்கட்டும். கோலம் மட்டும் ஓரமாப் போடுங்கம்மா. பொடி வழுக்கும்" என்றார். வழுக்குமா, வழுக்காதா என்பதுதான் அவர் எந்தப் பொருளிடமும் கேட்ட முதல் கேள்வி.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை எழுப்பி, உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு. முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவர் அவர். ஆனால் நோயாளிகளுக்கு அவர் 'நடக்க வைக்கிற சிஸ்டர்'. அவர் யாரையும் திருத்தியதில்லை. சமூகப்பணி படித்துவிட்டு, நோயாளிகளின் குடும்பங்களோடு பேசும் வேலையில் சேர்ந்திருந்த நானும் அவரை அப்படியே அழைத்தேன். என்னைவிடச் சில வயதே மூத்தவர். என்னை 'ஏட்டி' என்பார். கோபமாக இருந்தால் மட்டும் 'மேடம்' என்பார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியே இருப்பார். முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கும் வழக்கம் அவரிடம் இல்லை. முதலில் பாதத்தைப் பார்ப்பார், பிறகு முழங்கால், இடுப்பு என்று கண் மேலேறி, கடைசியில்தான் முகத்துக்கு வரும். ஒருமுறை இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியை நோக்கி வந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவை நிறுத்தி, "அண்ணாச்சி, இடது இடுப்பு எத்தன நாளா நோவுது?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் வீட்டிலேயே யாரிடமும் சொல்லாத வலி அது. "ஏட்டி, பாயசம் வாரதுக்கு முன்னாடி கெளம்பிருவோமா? அவுக வீட்டம்மா நம்மளையே பாக்காவ" என்று பிறகு என் காதில் சொன்னார்.

பெரிய டாக்டருக்கும் அவருக்கும் ஓயாத ஒரு வழக்கு உண்டு. டாக்டர் அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு" என்பார். இவர் அங்கே நின்றால், "இன்னும் முடியல சார்" என்பார்.

"தையலே போட்டாச்சும்மா."

"நீங்க போட்டுட்டீங்க. அவுக இன்னும் வீட்டுக்குள்ள போவலியே."

டாக்டர் சிரிப்பார். நல்ல மனிதர்; அவருடைய கைத்திறமையை மூன்று மாவட்டத்திலும் அறிவார்கள். ஆனால் அந்தப் பதிலை அவர் நெடுநாள் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் சிஸ்டரிடம் யாரும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லிவிடக் கூடாது. "ஆசுபத்திரிக்கு என்னத்துக்கு வரணும்? போங்க. நடந்து போங்க. திரும்பி இங்கன வந்தா இந்தக் கட்டையாலயே அடிப்பேன்" என்று அக்குள் கட்டையை ஓங்குவார். நோயாளி சிரித்தபடி காரில் ஏறுவார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முந்தைய நாட்களில் அவரை விசாரணைக் கைதியைப்போல் குடைந்திருப்பார் இவர். கக்கூஸ் வீட்டுக்குள்ளா, தோட்டத்திலா? தரையில் உட்கார்ந்தா சாப்பாடு? வாசலில் எத்தனை படி?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எங்க வீட்டுக்குப் படியே கெடையாது" என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"அப்ப விடிஞ்சா நான் கழுவிக் கோலம் போடுததெல்லாம் என்னது?"

"அது படியா? அது... வாசலு."

வார்டே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. கால் நன்றாக இருக்கிறவரைக்கும் யாருக்கும் தன் வீட்டுப் படி கண்ணில் படாது என்று என்னிடம் சொன்னார். அதனால்தான் வீட்டாரில் ஒருவரையாவது வரவழைத்து, அந்த நிலைவாசலுக்கு உள்ளே நிறுத்துவார். கையில் வார்டு எவர்சில்வர் தட்டைக் கொடுப்பார். "நீங்க ஆலத்தி எடுக்குதீங்க. அவுக வாராவ. என்ன சொல்லுவீங்க? வாய்விட்டுச் சொல்லுங்க." பெண்கள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்துவார்கள். ஆண்கள் சுற்றிலும் பார்ப்பார்கள். அவர் விடமாட்டார். அந்தச் சொற்கள் வெளியே வந்த பிறகுதான் நோயாளி அடியெடுத்து வைக்கலாம்.

நான் வேலையில் சேர்ந்தபோது அந்த நிலை அங்கே இல்லை. அது வந்ததற்குக் காரணம் ஏரலைச் சேர்ந்த ஒரு தவசுப்பிள்ளை.

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவரைத் தவசுப்பிள்ளை என்போம். நாற்பது வயதைக் கடந்த இந்த மனிதரின் கைப்பக்குவத்துக்காக முகூர்த்த நாளையே தள்ளிவைத்த குடும்பங்கள் உண்டென்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு கல்யாண வீட்டின் அடுப்படியில், வடித்த கஞ்சியில் கால் வழுக்கி விழுந்து, வலது தொடை எலும்பு மேல்பக்கம் முறிந்துவிட்டது. பெரிய டாக்டர் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தினார். சிஸ்டர் நடக்கப் பழக்கினார். மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் தவசுப்பிள்ளை ஏறி இறங்கிய நேர்த்தியைப் பார்த்து மற்ற நோயாளிகள் ஊக்கம் பெற்றார்கள். "ஏறும்போது நல்ல காலு, எறங்கும்போது நோவுக்காலு" என்பது சிஸ்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். தவசுப்பிள்ளை அதை ராகம் போட்டே பாடுவார்.

வீட்டுக்குப் போன அன்று மாலையே அதே காரில் திரும்பி வந்தார். வாசலில் விழுந்திருந்தார். தகடு வளைந்துவிட்டது.

மீண்டும் அறுத்துச் சரிசெய்த பிறகு டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னது இதுதான்: எலும்பில் இனிமேல் திருகாணி பிடிக்க இடமில்லை. இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் காலை ஊன்றி அவர் நிற்க முடியாது. அடுப்பின் முன்னால் நின்று பிழைக்கும் மனிதருக்கு அதன் பொருள் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரை நம்பி ஒரு சமையல் கூட்டமே இருந்தது. வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அக்காவும் தம்பியுமாக இருந்த வீடு அது.

"தண்ணி கெடந்துச்சு, வழுக்கிட்டு" என்றார் தவசுப்பிள்ளை. யார் கேட்டாலும் அதே வாக்கியம். இளம் டாக்டர் ஒருவர், நோயாளி ஒத்துழைக்கவில்லை, சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டார் என்று முடிவு செய்தார். அதில் எங்கள் சிஸ்டருக்கு உடன்பாடில்லை. ராகம் போட்டுப் பாடியவர் எப்படி மறப்பார்?

மறுநாள் அவர் தவசுப்பிள்ளையின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். ஒரு தலையணையை எடுத்துப் போர்வையின் மேல் குறுக்காக வைத்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்க வாசப்படி. ரெண்டு வெரலால நடந்து காட்டுங்க, பாப்போம். அன்னைக்கு எப்படிப் போனீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஊன்றிப் போர்வையின் மேல் நடந்து வந்தார். தலையணையை நெருங்கியதும் விரல்கள் நின்றன. பிறகு வலப்பக்கத்து விரல் எழுந்து தலையணையின் மேல் ஏறியது.

"நோவுக்கால மொதல்ல வச்சீங்களா?"

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"யாரு வைக்கச் சொன்னா?"

வார்டு வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க அக்காட்ட கேட்டுராதீங்க சிஸ்டர். அவ தாங்க மாட்டா" என்றார்.

அவ்வளவுதான். மீதி எங்களுக்கே விளங்கிவிட்டது. மரணத்தின் வாசல்வரை போய்வந்ததாக நினைத்த தம்பியை வரவேற்க அக்கா ஆலத்தித் தட்டோடு நின்றிருக்கிறார். வீட்டுக்குள் வருகிறவர்களிடம் நம் வீட்டுப் பெண்கள் சொல்வதையே சொல்லியிருக்கிறார்: வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா. தம்பிக்குப் பாடம் நினைவில் இருந்தது. நல்ல கால் இடது கால் என்று தெரியும். ஆனால் அக்கா சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை.

இளம் டாக்டரிடம் சிஸ்டர் சொன்னார்: "அவரு நல்லாத்தான் ஒத்துழைச்சிருக்காரு சார். அவுக அக்காவுக்கு ஒத்துழைச்சிருக்காரு. நான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன். அந்த வாசலுக்குச் சொல்லிக்குடுக்கல."

இந்த இடத்தில் என்னைப்போலப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வழி எளிதாகத் தோன்றும். குடும்பத்தைக் கூப்பிட்டு, வலதென்ன இடதென்ன, இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று எடுத்துச் சொல்லலாம். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "சொல்லலாம் ஏட்டி. இங்கன எல்லாத்துக்கும் சரி சரிம்பாவ. அங்கன போனதும் அவுக வீடு, அவுக வாசலு. இடது கால வச்சு உள்ள வந்தாருன்னு வையி, நாளைக்கு வீட்டுல ஒரு மாடு செத்தாலும் இந்தக் காலத்தான் சொல்லுவாவ. அந்தக் கால வச்சுக்கிட்டு அவரு எப்படி நிம்மதியா நடப்பாரு?" என்றார். ஒரு வழக்கத்தைக் கைவிடச் சொல்லும்போது அதன் செலவு யார் தலையில் விழும் என்று அவர் யோசித்தார். நான் யோசித்தது யார் சொல்வது சரி என்பதைப் பற்றி மட்டும்தான். அந்த வேறுபாட்டை நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை.

இரண்டாம் முறை வீடு திரும்பும் நாளுக்கு முன்தினம் நாங்கள் ஏரலுக்குப் பேருந்தில் போனோம். தெருவிலிருந்து இரண்டு உயரமான படிகள், அதற்குமேல் நிலைப்படி. சிஸ்டர் சேலையைச் செருகிக்கொண்டு தெருவில் குத்தவைத்துப் படிகளைக் கையால் தடவிப் பார்த்தார். அக்கா உள்ளே தூணோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரென்று தெரிந்ததும் அவர் சொன்ன முதல் சொற்கள்: "என் நாக்க அறுத்துப் போடணும்மா. நான்தான சொன்னேன், வலது காலுன்னு."

"அக்கா..."

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். சாத்தான்குளத்துல எங்க சின்னம்மா மக வீடு இருக்கு, காலையிலயே போயிருதேன். என் கண்ணுல படாம, என் வாய் படாம அவன் உள்ள வரட்டும். ஆலத்தியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

"வேணும்க்கா. ஆலத்தி வேணும். நீங்க சொல்லணும், அதே வார்த்தைய."

அக்கா திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறார்களா என்று தேடும் பார்வை அது.

சிஸ்டர் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, விரல்களால் நடந்து காட்டி விளக்கினார். படி ஏறும்போதுதான் நல்ல கால் முந்த வேண்டும். சமதரையில் அப்படியில்லை. கட்டைகளை ஊன்றியதும் முதலில் முன்னே போவது நோவுக்காலே. "அண்ணாச்சிக்கு நோவுக்காலு எது? வலது. அப்ப வாசலச் சமதரையாக்கிட்டா, நீங்க சொன்னாலும் சொல்லாட்டாலும் மொதல்ல உள்ள வாரது வலது காலுதான். ஒங்க சாஸ்திரமும் எங்க சாஸ்திரமும் ஒண்ணாப் போயிரும். கொஞ்சம் மண்ணுதான் வேணும்."

ஆற்றங்கரை ஊரில் மண்ணுக்கா பஞ்சம்? தகவல் போனதும் தவசுப்பிள்ளையின் அடுப்படி ஆட்கள் வந்துவிட்டார்கள். கல்யாண வீடுகளில் மிஞ்சிய அரிசிச் சாக்குகளில் ஆற்று மணலை நிரப்பித் தோளில் சுமந்து வந்தார்கள். தெருவிலிருந்து மெல்ல ஏறும் சரிவாக அடுக்கி, வாசலுக்கு வெளியிலும் உள்ளேயும் நிலைப்படியின் உயரத்துக்குத் தளம்போல நிரவினார்கள். மேலே பரப்பப் பலகை வேண்டியிருந்தது. காய் நறுக்கும் நீளப் பலகைகள் வந்தன. சிஸ்டர் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவச் சொன்னார்.

"பூசணிக்கா பசை இருக்கும் வே. வழுக்கும்."

வேலை முடிந்ததும், நாங்கள் கொண்டுபோயிருந்த கட்டைகளைத் தம் அக்குளில் வைத்து, வலது காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு அவரே தெருவிலிருந்து ஏறிப் பார்த்தார். தெரு கூடிவிட்டது.

"ஏலே, அடிபட்டது நம்ம அண்ணாச்சிக்கா, இந்தம்மாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போல இருக்கு வே."

அவர் காதில் எதுவும் விழவில்லை. ஒரு பலகை லேசாக ஆடியது. இறங்கி, அடியில் மணலை ஒதுக்கிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஏறினார்.

மறுநாள் முற்பகலில் கார் வந்தது. அக்கா சாத்தான்குளத்துக்குப் போகவில்லை. ஆலத்தியைத் தெருவிலேயே, சரிவின் அடியில் எடுக்க வேண்டும், தட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் பலகையில் சிந்தக் கூடாது என்பது சிஸ்டரின் ஏற்பாடு. அக்கா அதைச் செய்து முடித்து, தட்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் ஏறி வாசலுக்கு உள்ளே போய் நின்றார். தவசுப்பிள்ளை சரிவில் பைய ஏறினார். சிஸ்டர் அவருக்குப் பின்னால், இடுப்பைப் பிடிக்காமல், பிடிக்கும் தூரத்தில் வந்தார். வாசலுக்கு நேரே வந்ததும் எல்லோரும் நின்றோம்.

அக்கா வாயைத் திறந்தார். தம்பியின் வலது காலைப் பார்த்தார். பிறகு அவசரமாக, "இடது காலயே வையி தம்பி. எனக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்கு எது நல்ல காலோ அதையே வச்சு வா" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் 'அதுவும் சரிதான்' என்றார். உண்மையில் அந்தக் கணத்தில் எனக்கும் அது ஒரு வெற்றியாகத் தோன்றியது. ஒரு வழக்கத்தை ஒரு பெண் தானாகவே கைவிடுகிறார். சிஸ்டர் அதை ஏற்கவில்லை.

"இல்லக்கா. வலதுதான். சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"நீங்க பயந்து விட்டுக்குடுத்தா அவரும் பயந்துதான் காலு வைப்பாரு. நான் நேத்தே நடந்து பாத்துட்டேன். சொல்லுங்க."

தவசுப்பிள்ளையும் நகரவில்லை. கட்டைகளின் மேல் சாய்ந்தபடி, "அக்கா, நீ சொல்லாம நான் எந்த வீட்டுக்குள்ள வந்திருக்கேன்? சொல்லு. காலு வலிக்கி" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கேட்டும் கேட்காத குரலில், "வலது கால வச்சு வாய்யா" என்றார்.

கட்டைகள் இரண்டும் நிலையைத் தாண்டி உள்ளே ஊன்றின. வலது பாதம் எழுந்து, தயங்காமல், பலகையின் மேல் மெல்லப் பட்டது. பின்னாலேயே இடது கால் வந்து சேர்ந்தது. அவர் வீட்டுக்குள் நின்றார். அடுப்படி ஆட்களில் ஒருவர் விசிலடித்தார். அக்கா கண்ணைத் திறந்தார். எல்லோரும் தவசுப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் மட்டும் இன்னும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, செருகியிருந்த தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஏட்டி, இப்ப ஆபரேஷன் முடிஞ்சிட்டு. டாக்டர்ட்ட சொல்லிரலாம்."

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தத் தேக்கு நிலை மருத்துவமனைக்கு வந்தது. செலவைக் கேட்காமல் ஒப்புக்கொண்டவர் பெரிய டாக்டர். எத்தனையோ குடும்பங்கள் அந்த வராந்தாவில் தங்கள் வாசலைக் கண்டுகொண்டு போயின. சிஸ்டரோடு வேலை பார்த்தேன் என்று சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுவதை நான் அறிவேன். அதைத் தாழ்த்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஆனால் நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது ஏரல் வாசல்தான். அன்று அவர் முதலில் அந்த வீட்டுக்குள் போகவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சரிவில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். நானும் பின்னால் நடந்தேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. சற்று முன்னால் வெளியே வர மறுத்த அதே சொற்கள், இப்போது அதட்டலாக வந்தன.

"ஏ சிஸ்டர்! வாசலோட போனா எப்படி? வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்க!"

அவர் நின்றார். திரும்பினார். பலகை ஆடுகிறதா என்று பார்க்காமல் ஏறிப் போனார்.